அத்தியாயம் 6: தின்றது எவ்வளவு, செரித்தது எவ்வளவு?

கெடாவில் தீனிக்குப் பஞ்சம் என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார். அலோர் ஸ்டாரைச் சுற்றி மூடா பாசனத்தில் ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேர் வயல், ஆண்டுக்கு இரண்டு அறுப்பு. குரூனைத் தாண்டித் தெற்கே இறங்கினால் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் என்று வழியெல்லாம் செம்பனை. வடக்கே வைக்கோல், தெற்கே செம்பனை மட்டையும் செம்பனைப் பிண்ணாக்கான பி.கே.சி.யும். இவ்வளவுக்கும் நடுவில், வயிறு தொங்க, விலா எலும்பை எண்ணும்படி நிற்கும் மாடுகளைத் தோட்டத்துக் கொட்டகைகளில் பார்க்கலாம். பட்டினி கிடக்கின்றன என்று சொல்ல முடியாது; நாள் முழுக்கத் தின்கின்றன. தின்பதில் பாதிக்கு மேல் சாணியாய்த் திரும்பி வந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பாதியைப் பற்றியது.

முன்பு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. பால்மரத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை இருக்கும். காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால் மரத்தடியிலும் சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும் மேய்ந்துவிட்டு மாடு மாலையில் தானாகத் திரும்பும். மேய்கிற மாடு இளந்தளிரைப் பொறுக்கித் தின்னும், முற்றியதை ஒதுக்கும். பால்மரம் செம்பனையாகி, செம்பனை பல இடங்களில் வீடமைப்புத் திட்டமாகிவிட்ட பிறகு மேய்ச்சல் சுருங்கிவிட்டது. கட்டிப்போட்டு வளர்க்கும்போது பொறுக்கும் வேலை மாட்டிடமிருந்து நம் தலைக்கு வந்துவிடுகிறது. நாமோ பெரும்பாலும் எது மலிவோ, எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதைப் போடுகிறோம். மலிவு என்பதை எதை வைத்துச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

சாணியை வைத்துக் கணக்கிடுவது

ஒரு மாடு ஒரு நாளில் உலர் எடையாக 10 கிலோ தின்கிறது. அதே நாள் சாணியை வழித்தெடுத்து, நன்றாகக் காயவைத்து நிறுத்தால் 5.5 கிலோ இருக்கிறது. உடம்புக்குப் போனது 4.5 கிலோ. அந்தத் தீனியின் செரிமானத் திறன் 45 விழுக்காடு. கணக்கு இவ்வளவுதான். ஆனால் உலர் எடை என்ற சொல்லைக் கோட்டைவிடக் கூடாது. தாஹு செய்யும் இடத்தில் 10 கிலோ சக்கை வாங்கினால் அதில் 8 கிலோ தண்ணீர்தான்.

ஆய்வுக்கூடங்களில் இதற்கு வேறு வழிகள் உண்டு. இங்கிலாந்தின் ஹர்லியில் டில்லியும் டெர்ரியும் 1963இல் வெளியிட்ட முறையில், தீனித் தூளை ஆட்டின் பெருவயிற்றுச் சாற்றில் இரண்டு நாள் ஊறவைப்பார்கள். பிறகு அமிலமும் பெப்சினும் கலந்த கரைசலில் இரண்டு நாள். கரையாமல் மிஞ்சியதுதான் செரிக்காதது. ஸ்காட்லாந்தில் ராவெட் நிலையத்தைச் சேர்ந்த ஓர்ஸ்கோவும் மெக்டானால்டும் 1979இல் நைலான் பை முறையின் கணக்கைச் செப்பம் செய்தார்கள். விலாப்பக்கம் துளையிட்டு மூடி பொருத்திய மாட்டின் வயிற்றுக்குள், தீனி நிரப்பிய சிறு பையை நூலில் கட்டி இறக்கி, மணி பார்த்து வெளியே இழுக்க வேண்டும். நம் வட்டாரத் தீனிகளைப் பற்றி மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டியும் செர்டாங் பல்கலைக்கழகமும் தந்திருக்கும் எண்களில் பலவும் இப்படிப்பட்ட முறைகளில் வந்தவையே.

நமக்குத் துளையிட்ட மாடு வேண்டாம். சமையலறை வடிகட்டி ஒன்று போதும். அதை அதன்பின் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். காலையில் நான்கைந்து மாடுகளின் புதுச் சாணியிலிருந்து மாட்டுக்கொரு கைப்பிடி எடுத்து, வடிகட்டியில் போட்டு, குழாயடியில் தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். அடியில் நிற்பதை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான நார் நிறைய இருந்தால், வைக்கோல் செரிக்காமலே கடந்து போகிறது என்று அர்த்தம். கறுப்பாக, பளபளப்பாக, நகத்தால் நசுக்க முடியாத சில்லுகள் தெரிந்தால் அவை செம்பனை விதையின் ஓடு, பி.கே.சி. விலைக்கு ஓட்டை வாங்கியிருக்கிறீர்கள். சாணி விழுந்து கிடக்கும் தோற்றமும் பேசும். மடிப்பு மடிப்பாக, உயரமாக, கெட்டியாக நின்றால் புரதம் போதவில்லை. தண்ணீராய்ப் பரவினால் நார் குறைந்து, பி.கே.சி.யோ சக்கையோ கூடிவிட்டது.

ஏட்டிலுள்ள எண்களை ஒருமுறை பார்த்துவிடுவோம். சாதாரண வைக்கோல் 40 முதல் 45 விழுக்காடு செரிக்கும். நல்ல பி.கே.சி. 70க்குப் பக்கம். செம்பனை மட்டை ஏறத்தாழ 45. எண்ணெய் பிழிந்தபின் மில்லில் மிஞ்சும் பழ நார் 30ஐத் தொட்டாலே அதிகம். இளம் நேப்பியர் புல் 60க்கு மேல். நெல் உமி 10, 15. இவை இடத்துக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி நாலைந்து புள்ளி ஏறி இறங்கும்; வரிசை மாறாது.

வைக்கோல் ஏன் அடம் பிடிக்கிறது

மாட்டுக்கு நாரைச் செரிக்கும் சக்தி கிடையாது. அந்த வேலையைச் செய்வது பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். நாரில் உள்ள செல்லுலோசை அவை உடைத்துப் புளிக்கவைக்க, அதில் பிறக்கும் அமிலங்களைத்தான் மாடு உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே குடலுக்குப் போய்ப் புரதமாகின்றன. ஆக, மாட்டுக்குத் தீனி போடுவது என்பது முதலில் இந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவது.

வைக்கோலில் செல்லுலோசுக்குக் குறைவில்லை. அதை லிக்னின் என்ற கட்டைப்பொருள் இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது. நுண்ணுயிர் உள்ளே புக இடமில்லை. நெல்லுக்கு மட்டும் இன்னொரு கவசமும் உண்டு: சிலிக்கா. கோதுமைத் தாளைவிட நெல் வைக்கோலில் இது மிக அதிகம், உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும். அதுவும் தண்டைவிட இலையில்தான் கூடுதலாகப் படிகிறது. அதனால் மற்றத் தானியத் தாள்களில் இலை நன்றாகச் செரிக்கும், தண்டு செரிக்காது. நெல்லில் இது தலைகீழ். வயலோடு ஒட்ட அறுத்த, தண்டு நிறைய உள்ள வைக்கோல் கிடைத்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

மூன்றாவது தடை தழைச்சத்து. தீனியில் 7 விழுக்காடாவது புரதம் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் பெருகி நாரைத் தொடும். வைக்கோலில் இருப்பது 3 முதல் 5. வேலைக்காரருக்குச் சோறு போடாமல் வேலை வாங்க முடியாதே! நார் வயிற்றிலேயே கிடக்கும், வயிறு காலியாகாது, மாடு மேலே தின்னாது. செரிமானம் குறைந்தால் தின்னும் அளவும் குறைகிறது. இரண்டும் சேர்ந்துதான் மாட்டை இளைக்க வைக்கின்றன.

300 கிலோ எடையுள்ள, நம் தோட்டங்களில் பழகிய உள்ளூர் இந்திய இனப் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சும்மா நின்று மூச்சுவிட அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். வெறும் வைக்கோல் போட்டால் உலர் எடையில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் அதனால் தின்ன முடியாது. கிலோவுக்கு 6 மெகாஜூல் என்றால் 33. பால் சுரப்பது இருக்கட்டும், சொந்த உடம்பைக் கரைத்துத்தான் அது நாளை ஓட்ட வேண்டும். இந்த 33ஐயும் 36ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மூடா வைக்கோலை எப்போது வாங்குவது

இங்கே இரண்டு அறுப்புகளும் ஒரே மாதிரி வைக்கோல் தருவதில்லை. முதன்மைப் பருவ நெல் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். அது கெடாவின் வறண்ட காலம். வைக்கோல் வயலிலேயே காய்ந்து, கட்டாகி, லோரி ஏறிவிடும். இடைப்பருவ அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில், மழையோடு மழையாக. வைக்கோல் சேற்றில் மிதிபட்டு ஊறிக் கிடக்கும். இரண்டு நாள் விட்டால் கறுக்கும், ஒரு வாரம் விட்டால் பூசணம்.

கையால் அறுத்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவு; கதிரை அடித்த இடத்தில் தாள் குவியலாய் நிற்கும். 1970களின் பிற்பகுதியில் கம்பைன் இயந்திரங்கள் மூடாவுக்குள் வந்தபோது கூலி அறுப்பு போனது. அந்தக் கதையைத்தான் ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் வெளிவந்த ‘வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்’ நூலில் எழுதினார். அவர் எழுதியது ஆட்களின் கதை. மாட்டுக்காரர் பக்கம் பார்த்தால் வைக்கோலும் வயல் முழுக்கச் சிதறிவிட்டது. சிதறியதைத் திரட்டுவதைவிடக் கொளுத்துவது எளிது என்பதால் அறுப்பு முடிந்த வாரங்களில் பெண்டாங், கோத்தா சாராங் செமுட் பக்கம் இன்னும் புகை எழுகிறது. கட்டு கட்டுபவர் வயலுக்குள் இறங்கும் நாள் எது என்று வயல்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கடைசி மருந்து எப்போது அடித்தார் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது கட்டுக்குள் கையை முழங்கை வரை விடுங்கள். உள்ளே சூடு தெரிந்தால் ஈரத்தோடு கட்டியது. மூக்கருகே கொண்டுபோகும்போது தும்மல் வந்தால் பூசணத் தூள். இரண்டில் எது இருந்தாலும் சினைமாட்டுக்கு அது வேண்டாம்.

யூரியா பதப்படுத்தல்

வைக்கோலின் கட்டை உடைக்க வேண்டும் என்ற யோசனைக்கு நூறு வயது. முதல் உலகப் போரில் தீனித் தட்டுப்பாட்டில் சிக்கிய ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெக்மன் தானியத் தாளைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பார்த்தார். செரிமானம் ஏறியது, ஆனால் கை வெந்துபோகிற சரக்கு, கழுவும் தண்ணீரும் எக்கச்சக்கம். வெப்பநாடுகளுக்குப் பொருந்தி வந்தது யூரியா. 1980களில் இலங்கையிலும் இந்தியாவிலும் இதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தமிழ்நாட்டில் கால்நடைப் பல்கலைக்கழகம் இன்றும் பரிந்துரைக்கும் முறை இதுதான். ஈரத்தில் யூரியா அம்மோனியாவாகப் பிரிகிறது. அம்மோனியா லிக்னின் கட்டைத் தளர்த்துகிறது. மிஞ்சும் தழைச்சத்து நுண்ணுயிர்களுக்குச் சோறாகிறது. ஒரே செலவில் இரண்டு வேலை.

அளவு: காய்ந்த வைக்கோல் 100 கிலோ, உர யூரியா 4 கிலோ, தண்ணீர் 60 லிட்டர். யூரியா ஒரு மணிகூடத் தங்காமல் கரைய வேண்டும். சிமெந்துத் தரையிலோ தடித்த பிளாஸ்டிக் விரித்த மேட்டிலோ 10 கிலோ வைக்கோலைப் பரப்பி, 6 லிட்டர் கரைசலைப் பூவாளியால் சீராகத் தெளித்து, ஏறி மிதியுங்கள். மேலே அடுத்த 10 கிலோ. இப்படிப் பத்து அடுக்கு. மிதிப்பதில் சோம்பல் கூடாது. உள்ளே காற்று நின்றால் அங்கேதான் பூசணம் பூக்கும். பிறகு பிளாஸ்டிக்கால் இறுக மூடி, ஓரங்களை மண்ணாலோ பழைய டயராலோ அழுத்தி, 21 நாள் தொடாமல் விடுங்கள்.

பிரிக்கும் நாளில் ஒரு பக்கத்தை மட்டும் திறங்கள். கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எங்கேயோ ஓட்டை. நிறம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறியிருக்கும். ஒரு பிடியை எடுத்து முறுக்கினால், முன்பு படபடவென்று ஒடிந்த தாள் இப்போது வளைந்து கொடுக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் உருவி, நிழலில் சில மணி நேரம் ஆறப்போட்டு, நெடி தணிந்தபின் போடுங்கள். முதல் இரண்டு நாள் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழைய வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலந்து போட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இதனால் செரிமானம் 50, 55க்கு ஏறும், புரதம் 7ஐத் தாண்டும், தின்னும் அளவும் கூடும். மழைக்காலத்து ஈர வைக்கோலுக்கு இன்னொரு நன்மை: அம்மோனியா பூசணத்தையும் அடக்கும். காயவைக்க வெயில் இல்லையே என்று தவிக்காமல், ஈரத்தோடு அப்படியே பதப்படுத்தலாம். அப்போது யூரியா கரையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் போதும்.

சொல்லாமல் விட்டால் உயிர்போகிற விஷயம் ஒன்று உண்டு. யூரியா நஞ்சு. கரைசல் வாளியைக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள், மீதியைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றாதீர்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் பதப்படுத்திய வைக்கோலைக் காட்டாதீர்கள். வயிறு உப்பி, உடல் நடுங்கி, நுரை தள்ளினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வியாதி இல்லை இது.

எல்லாருக்கும் இது தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை. மூன்று மாட்டுக்கு ஆண்டு முழுக்க நேப்பியர் அறுக்க நிலமிருப்பவர் இந்த மெனக்கெடலை விட்டுவிடலாம். நிலமில்லாமல் கம்பத்து வீட்டுப் பின்புறம் கட்டி வளர்ப்பவருக்குத்தான் இது சோறு போடும்.

பி.கே.சி.: அளவு தெரிந்தால் மருந்து

செம்பனைப் பழத்தின் விதைப் பருப்பிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் கிடைக்கும் பிண்ணாக்குதான் பி.கே.சி. மலேசியாவிலிருந்து கப்பல் கப்பலாக வெளியே போகிறது. நியூசிலாந்தின் பால்மாடுகள் அதைத் தின்று கறக்கின்றன. நம் வீட்டு வாசலில் விளைவதை ஏன் தின்னத் தர மறுக்க வேண்டும்? செம்பனைக் கழிவுகள் கால்நடைக்கு எவ்வளவு உதவும் என்று 1970களிலேயே எடுத்துக் காட்டியவர்களில் மார்டியில் பணியாற்றிய சி. தேவேந்திரா முக்கியமானவர். வெப்பநாட்டு ஆடு வளர்ப்பைப் பற்றி மெக்லீராயோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1982இல் வந்தது.

திருகு செக்கில் பிழிந்த பி.கே.சி.யில் புரதம் 14 முதல் 17 விழுக்காடு, மிச்ச எண்ணெய் 5 முதல் 10. கிலோவுக்கு ஏறத்தாழ 11 மெகாஜூல். பிண்ணாக்கு என்று பெயரே தவிர நார் மிகுதி. அதனால் கோழிக்கும் பன்றிக்கும் அவ்வளவாக ஒத்துவராது, அசைபோடும் வயிற்றுக்கு நன்றாகப் பொருந்தும். தானியம் அதிகமாகத் தின்று வயிறு புளித்துப்போகும் ஆபத்தும் இதில் குறைவு, மாவுச்சத்து அவ்வளவாக இல்லாததால்.

வாங்குவதில்தான் ஏமாற்றம். மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். ஓட்டுச் சில்லு குத்தினால், “அண்ணே, கெர்னல் போட்டீங்களா, ஓட்டைப் போட்டீங்களா?” என்று லோரிக்காரரிடமே கேட்டுவிடுங்கள். அவர் சிரிப்பார், அடுத்த முறை வேறு மூட்டை இறக்குவார். சவர்க்கார வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம் தெரிந்தால் பணத்தைப் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டோடு நிற்காது, பாலிலும் இறங்கும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

மணல்போல் உலர்ந்த பொருள், முதலில் மாடு விரும்பாது. கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுபோகலாம். இறைச்சி மாட்டுக்கு மொத்தத் தீனியில் பாதிக்கும் மேல் பி.கே.சி. கொடுத்து வளர்ப்பவர்கள் உண்டு. பால்மாட்டுக்குப் பாதியைத் தாண்ட வேண்டாம்.

செம்மறியாடு வைத்திருப்பவர் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும். 1980களில் பால்மரத்தடியில் செம்மறி மேய்க்கும் திட்டம் நாட்டில் பரவியது. கெடாவில் இன்றும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பி.கே.சி.யில் செம்புச் சத்து அதிகம், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல். மாடு அதைச் சமாளிக்கும், வெள்ளாடும் ஓரளவு சமாளிக்கும். செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, பல மாதம் கழித்து ஒரே நாளில் இரத்தத்தில் கொட்டிவிடும். கண் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும், ஓரிரு நாளில் ஆடு போய்விடும். நேற்றுவரை கொழுத்து நின்ற ஆடாயிற்றே என்று அக்கம்பக்கத்தில் கண்ணேறு பேசுவார்கள். செம்மறிக்கு மொத்தத் தீனியில் 30 விழுக்காட்டோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போக வேண்டுமென்றால் துத்தநாகமோ மாலிப்டினமோ சேர்ப்பது பற்றிக் கால்நடை இலாகாவில் கேட்டுக்கொண்டு போங்கள்.

மாலிப்டினத்தைவிட எளிய விஷயம் சுண்ணாம்பு. பி.கே.சி.யிலும் தவிட்டிலும் மணிச்சத்து கூட, சுண்ணாம்புச் சத்து குறைவு. வைக்கோலில் உள்ள சொற்பச் சுண்ணாம்பையும் அதன் ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. தீபாவளிக்கென்று காயடித்து வளர்க்கும் கிடாய்களுக்குச் சிறுநீர்க்கல் அடைப்பது பெரும்பாலும் இதனால்தான். பெரிய மாட்டுக்கு நாளுக்கு 40, 50 கிராம் சுண்ணாம்புக்கல் தூள், ஆட்டுக்கு ஒரு தேக்கரண்டி, தீனியோடு கலந்தே.

மட்டையும் மற்றதும்

செம்பனை மரம் ஒன்று ஆண்டுக்கு 20க்கு மேல் மட்டை தள்ளும்; குலை வெட்டும்போது வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். ஆண்டு முழுக்க, மழையோ வெயிலோ, பச்சையாகக் கிடைக்கும் நார்த்தீனி இது. 1990களில் மார்டியும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதை ஊறுதீனியாக்கும் முறையைச் சோதித்தார்கள். முழு மட்டையையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக அரைத்து, நீல டிரம்மில் இறுக நிரப்பி மூடினால் மூன்று நான்கு வாரத்தில் புளித்து நிற்கும். வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. வைக்கோலுக்கு வேலை செய்யும் யூரியா மட்டைக்கு அப்படி எடுபடுவதில்லை, மாடு தின்ன மறுப்பதுதான் மிச்சம். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்டை வேண்டாம். அரைக்கும் இயந்திரம் இல்லாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்பேன். கத்தியால் கொத்தி மாளாது.

தோட்ட நிர்வாகம் மட்டையைச் சும்மா போட்டுவைப்பதில்லை. வரிசைக்கிடையே மக்கி உரமாகட்டும் என்று விடுகிறார்கள். கேட்காமல் எடுத்தால் மேய்க்க விடும் சலுகையும் போய்விடும். அனுமதி கேட்கும்போது அந்தக் கட்டத்தில் களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்றும் மண்டோரிடம் கேளுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை. மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன.

மில் பழநார் சும்மா கொடுத்தாலும் ஏற்றுக் கூலிக்கு ஆகாது. தவிடு நல்லது, புரதம் 12, 13. ஆனால் அரைத்த நாளிலிருந்தே எண்ணெய் கெடத் தொடங்கும், வாரத்துக்கு வாரம் வாங்குங்கள். உள்ளங்கையில் வைத்து ஊதுங்கள், பறக்கிற பங்கு உமி. தாஹு சக்கை செரிமானத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, புரதமும் தாராளம். ஒரு பகல் தாங்காது. காலையில் எடுத்தது மாலைக்குள் முடிய வேண்டும்.

தொட்டியில் எப்படிக் கூட்டுவது

அந்த 300 கிலோ பசுவுக்குத் திரும்புவோம். பதப்படுத்திய வைக்கோலில் உலர் எடை 6 கிலோ தின்னும். கிலோவுக்கு 7 மெகாஜூல், ஆக 42. அதோடு பி.கே.சி. 2 கிலோ, ஏறத்தாழ 20. மொத்தம் 62. உடம்புக்கு 36 போக மிச்சம் 26. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 5 மெகாஜூல் போகும். ஏட்டுக்கணக்கில் 5 லிட்டர். அதே 2 கிலோ பி.கே.சி.யைப் பதப்படுத்தாத வைக்கோலோடு போட்டால் 53. மூன்றரை லிட்டரைத் தாண்டாது. ஒன்றரை லிட்டர் வித்தியாசத்தை உங்கள் வட்டாரத்துப் பால் விலையால் பெருக்கி, யூரியா விலையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். யூரியாக் கணக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோவை ஒட்டித்தான் வரும்.

இந்தக் கூட்டில் புரதம் இழுபறிதான். தாஹு சக்கை இரண்டு கிலோவோ, வேலியோரத்துக் கிளிரிசீடியா இலை ஒரு கட்டோ சேர்த்தால் சரியாகும். வைக்கோலை முதலில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பி.கே.சி.யை இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். எதை மாற்றினாலும் பத்து நாளாவது பொறுத்து, பிறகு சாணியை அலசிப் பாருங்கள். நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். பால் அளவையும் மார்புச் சுற்றளவையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

கெடாவில் பாலுக்குக் கிராக்கி உச்சத்துக்குப் போவது தை மாதத்தில். பொங்கலும் தைப்பூசப் பால்குடமும் வருவது ஜனவரி, பிப்ரவரியில். புல் காய்வதும் அப்போதே. முதன்மைப் பருவ வைக்கோல் அதற்குள் வந்து சேராது. ஆகவே தைப்பூசத்துப் பாலுக்கான தீனியை ஆகஸ்ட், செப்டம்பர் மழை வைக்கோலில்தான் பிடித்துவைக்க வேண்டும். அக்டோபருக்குள் பதப்படுத்தி மூடிவிடுங்கள். மூடி பிரியாதவரை மாதக்கணக்கில் கெடாது. டிசம்பர் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒரு பசுவுக்குக் காய்ந்த வைக்கோலாகக் கணக்கிட்டால் 600 கிலோ தேவை. அதற்கு யூரியா 24 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் இரண்டு பசுவுக்குச் சரியாக இருக்கும்.